வாஷிங்டன் மாநிலத்தில் துப்பாக்கி மசோதாக்களைப் பின்தொடர்வதும் அவற்றில் நம் கருத்தைச் சேர்ப்பதும்

பெல்வியூவில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெற்றோர் கேட்ட கேள்வி இது: "துப்பாக்கி தொடர்பான சட்டங்கள் எங்கள் மாநிலத்தில் அடிக்கடி மாறுகின்றன. நிறைவேறிய பிறகுதான் செய்தியில் பார்க்கிறோம். முன்கூட்டியே அறிந்துகொள்ள வழி உண்டா? நான் இன்னும் குடியுரிமை பெறவில்லை. என்னைப் போன்றவர்கள் சொல்வதை அங்கே யாராவது காதில் வாங்குவார்களா?"

இரண்டுக்கும் ஆம் என்பதே என் பதில். ஆனால் எந்த வாரத்தில் சொல்கிறோம், மசோதாவின் எந்த வாசகத்தைப் பற்றிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த ஆம் பலிக்கும். ஒரு மசோதா அவையில் இறுதி வாக்கெடுப்புக்கு வரும்போது அதன் தலையெழுத்து பெரும்பாலும் முடிவாகிவிட்டிருக்கும். நாம் செய்தியில் பார்ப்பது அந்தக் கடைசி நாளைத்தான். மாற்றத்துக்கு இடமிருந்த நாட்கள் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கடந்து போயிருக்கும்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் இரண்டு பழக்கங்கள் மாற வேண்டும். இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஆயுதங்களும் வெடிபொருட்களும் மத்தியப் பட்டியலில் உள்ளன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் பொருந்துவது. ஆகவே துப்பாக்கி என்றால் தலைநகரைப் பார்ப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டங்கள் ஓர் அடித்தளத்தை மட்டுமே இடுகின்றன. யார் வாங்கலாம், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எந்த வகை ஆயுதத்தை விற்கலாம், வீட்டில் எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பவற்றில் பெரும்பகுதியை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கிறது. அதுவும் வாஷிங்டன் மாநிலத்தில் துப்பாக்கி ஒழுங்குமுறை முழுவதையும் மாநில அரசே கையில் வைத்திருப்பதால், பெல்வியூ நகர மன்றத்திலோ சியாட்டில் நகர மன்றத்திலோ போய் நிற்பதில் பெரிய பயன் இல்லை. போக வேண்டிய இடம் மாநிலத் தலைநகரான ஒலிம்பியாதான்.

இரண்டாவது பழக்கம் கட்சிக் கொறடா பற்றியது. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். அதனால் தனி உறுப்பினரிடம் மன்றாடுவது வீண் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. கட்சியின் அழுத்தம் உண்டு, ஆனால் தன் கட்சியின் மசோதாவையே எதிர்த்து வாக்களித்த உறுப்பினர் மறுநாளும் உறுப்பினராகவே இருப்பார். 2023இல் தாக்குதல் வகைத் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்த 1240ஆம் எண் மசோதா மேலவைக்கு வந்தபோது, 49 இடங்களில் 29 ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. மசோதாவுக்குக் கிடைத்த ஆதரவு வாக்குகளோ 27. எதிர்ப்பு 21. இவ்வளவு நெருக்கமான எண்ணிக்கையில் இரண்டு மூன்று உறுப்பினர்களின் மனநிலை எவ்வளவு பெரிது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தில் 49 தொகுதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மேலவை உறுப்பினரும் இரண்டு கீழவை உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆக உங்களுக்கென்று மூன்று பேர். சட்டமன்ற அமர்வு ஜனவரியின் இரண்டாம் திங்கட்கிழமையன்று தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டுகளில் 105 நாட்கள், இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாட்கள். ஒற்றைப்படை ஆண்டில் நிறைவேறாத மசோதா மறு ஆண்டும் உயிரோடு இருக்கும். இரண்டு ஆண்டுகள் முடிந்தால்தான் அது முற்றிலும் காலாவதியாகும்.

இந்தக் குறுகிய காலத்துக்குள் இன்னும் குறுகிய கெடு நாட்கள் இருக்கின்றன. முழு விளையாட்டும் அங்கேதான் நடக்கிறது. மசோதாவின் உள்ளடக்கத்தை ஆராயும் கொள்கைக் குழுவிலிருந்து அது வெளியேற ஒரு கெடு, நிதிக் குழுவிலிருந்து வெளியேற ஒரு கெடு, தோன்றிய அவையில் நிறைவேற ஒரு கெடு, பிறகு மறு அவையிலும் இதே வரிசை. நீண்ட அமர்வில் முதல் கெடு ஏறத்தாழ நாற்பதாம் நாளில் வரும். குறுகிய அமர்வில் அது ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ வந்துவிடும். அமர்வு தொடங்குமுன் வெளியிடப்படும் இந்தக் கெடு அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பெரும்பாலான மசோதாக்கள் வாக்கெடுப்பில் தோற்பதில்லை. யாரும் கையில் எடுக்காததால் ஒரு கெடு நாளன்று ஓசையின்றி முடிந்துபோகின்றன. நீங்கள் ஆதரிக்கும் மசோதாவுக்கு இது ஆபத்து, எதிர்க்கும் மசோதாவுக்கு இதுவே வாய்ப்பு.

பின்தொடர்வதற்குச் சட்டமன்றத்தின் அதிகாரபூர்வ இணையதளம் போதுமானது. மசோதாவின் எண்ணைக் கொடுத்தால் அதன் எல்லா வடிவங்களும், குழு ஊழியர்கள் கட்சிச் சார்பின்றி எழுதும் சுருக்க அறிக்கையும், நிதித் தாக்கக் குறிப்பும், தாக்கலான திருத்தங்களும், உறுப்பினர் வாரியான வாக்குப் பதிவும், விசாரணையின் காணொளியும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். காணொளிகளை டிவிடபிள்யூ என்ற பொதுநல ஒளிபரப்பு நிறுவனம் 1995 முதல் பதிவு செய்து வருகிறது. கீழவை மசோதாக்களின் எண்கள் 1000இலிருந்தும் மேலவை மசோதாக்களின் எண்கள் 5000இலிருந்தும் தொடங்கும்.

எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2022இல் பத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் மேகசின்களின் விற்பனையைத் தடைசெய்தது மேலவை மசோதா 5078. அடுத்த ஆண்டே துப்பாக்கித் தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்களின் சட்டப் பொறுப்பைப் பற்றி வந்த வேறொரு மசோதாவுக்கும் அதே 5078. பழைய எண்ணை வைத்து எழுதப்பட்ட மின்னஞ்சல் எந்தப் பக்கத்துக்கும் பயன்படாது.

வடிவத்தைக் கவனிப்பது அதைவிட முக்கியம். எண்ணுக்கு முன்னால் 'மாற்று', 'இரண்டாம் மாற்று' என்ற பொருளில் ஒட்டெழுத்துகள் சேர்ந்தால், குழு அந்த மசோதாவை எடுத்துவிட்டு வேறு வாசகத்தை வைத்திருக்கிறது என்று பொருள். அவையிலும் ஒரே திருத்தத்தால் முழு வாசகத்தையும் நீக்கிவிட்டுப் புதியதை வைக்க முடியும். 2023இல் கீழவை மசோதா 1143 அறிமுகமானபோது, துப்பாக்கி வாங்குவதற்கு முன்னரே அரசிடம் அனுமதி பெற வேண்டும் என்பதே அதன் உயிர்நாடியாக இருந்தது. இறுதியில் நிறைவேறிய வடிவத்தில் அந்த அனுமதி முறை இல்லை; பாதுகாப்புப் பயிற்சியும் பத்து நாள் காத்திருப்பும் மட்டும் மிஞ்சி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அனுமதி முறை 2024இல் வேறொரு மசோதாவாகத் திரும்பி வந்து தேங்கி, 2025இல் 1163ஆம் எண்ணுடன் மூன்றாம் முறை வந்து நிறைவேறியது. ஆளுநர் பாப் ஃபெர்குசன் அந்த ஆண்டு மே மாதம் கையெழுத்திட்டார்; சட்டம் 2027 மே 1 முதல் அமலாகும் வகையில் எழுதப்பட்டது. வாங்குபவர் கைரேகை கொடுத்து, சான்றளிக்கப்பட்ட பயிற்சி முடித்து, மாநிலக் காவல் துறையிடம் ஐந்து ஆண்டுகள் செல்லும் அனுமதியைப் பெற வேண்டும். ஓர் அமர்வில் வெட்டப்பட்ட பகுதி செத்துவிடுவதில்லை என்பதை இந்த மூன்று ஆண்டுக் கதையிலிருந்து இரு தரப்பாரும் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது நம் குரல் எங்கே நுழைகிறது என்பதற்கு வருகிறேன். துப்பாக்கி மசோதாக்கள் கீழவையில் குடிமை உரிமைகள் மற்றும் நீதித் துறைக் குழுவுக்கும், மேலவையில் சட்டம் மற்றும் நீதிக் குழுவுக்கும் செல்வது வழக்கம். குழு முதலில் பொது விசாரணை நடத்தும். பிறகு வேறொரு நாளில் கூடித் திருத்தங்களை ஏற்று வாக்களிக்கும். பொது விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். நேரில் பேசலாம், 2021 முதல் வழக்கத்துக்கு வந்திருப்பதுபோல் வீட்டிலிருந்தே இணையவழிப் பேசலாம், எழுத்து மூலமாகச் சாட்சியம் அனுப்பலாம், அல்லது ஆதரவா எதிர்ப்பா என்பதை மட்டும் பதிவேட்டில் ஏற்றலாம். பதிவு விசாரணை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். எழுத்துச் சாட்சியத்துக்கு விசாரணை தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அவகாசம் உண்டு. விசாரணை அறிவிப்பு பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்னர்தான் வருமாதலால், அந்தக் குழுக்களின் மின்னஞ்சல் அறிவிப்புப் பட்டியலில் உங்கள் முகவரியைச் சேர்த்து வைப்பதே சரியான வழி.

ஆதரவு, எதிர்ப்பு என்ற எண்ணிக்கைப் பதிவு பயனற்றது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும், செய்யுங்கள். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் இரு பக்கமும் ஆயிரக்கணக்கில் பதிவு செய்யும் வழக்கம் இருப்பதால், எண்ணிக்கை மட்டுமே எந்த உறுப்பினரையும் அசைப்பதில்லை. அசைப்பது, வாசகத்தை உண்மையாகவே படித்த ஒருவர் சொல்லும் ஒரு குறிப்பான செய்தி. பேசக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். அரசியலமைப்பு வரலாற்றை அந்த நேரத்தில் எடுத்துரைக்க முயன்று, மணி அடித்ததும் பாதியில் நிறுத்திய பலரை நான் பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில் ஒரு செவிலியர் தன் பணிநேரத்தில் கண்டதை மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டு, "பிரிவு இத்தனையில் உள்ள இந்தச் சொல் மருத்துவமனை வளாகத்தை உள்ளடக்கவில்லை" என்று சுட்டினால், ஊழியர்கள் பேனாவை எடுப்பார்கள். எதிர்த்துப் பேசுபவருக்கும் இதே விதிதான். "இந்தப் பயிற்சியை வார இறுதியில் நடத்தும் இடம் என் கவுண்டியில் இல்லை, கிராமப்புறத்தில் இரவுப் பணி செய்யும் ஒருவர் எப்படி முடிப்பார்?" என்ற கேள்விக்கு, உரிமை பறிபோகிறது என்ற பொதுவான முழக்கத்தைவிடப் பன்மடங்கு எடை உண்டு, ஏனெனில் முதலாவதற்கு ஒரு திருத்தத்தால் பதில் சொல்ல முடியும்.

நான் எந்தப் பக்கம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பள்ளியில் ஆயுததாரி நுழைந்தால் எங்கே ஒளிவது என்று பயிற்சி எடுத்துவிட்டு வீடு திரும்பும் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு, ஆயுதத்தைப் பூட்டி வைக்கும் கடமையையும் வாங்குமுன் பயிற்சியையும் நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். ஆயினும், இந்த மாநில அரசியலமைப்பின் முதல் கூறு, 24ஆம் பிரிவு, தனி மனிதர் தற்காப்புக்காக ஆயுதம் ஏந்தும் உரிமையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. எதிர்த் தரப்பில் நிற்பவர்கள் அந்த வாசகத்தை மனப்பூர்வமாக நம்பி வருபவர்கள். விசாரணை அறையில் அவர்களை அவமதிக்கும் ஒரு சொல், நாம் ஆதரிக்கும் மசோதாவுக்கே கேடு செய்யும். கவனிக்க வேண்டிய இன்னொரு விதி: 2021இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி ஒலிம்பியா தலைமைச் செயலக வளாகத்தில் ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்தி வருவது தடை செய்யப்பட்டிருக்கிறது.

நிதித் தாக்கக் குறிப்பை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். புதிய அனுமதி முறை என்றால் மாநிலக் காவல் துறைக்கு ஆட்கள், கைரேகைச் சோதனைக்கான செலவு, கணினி அமைப்பு எல்லாம் வேண்டும். செலவு கணிசமாக இருந்தால் மசோதா கொள்கைக் குழுவைத் தாண்டிய பிறகும் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கோ மேலவையின் நிதிக் குழுவுக்கோ செல்ல வேண்டும். அங்கே இன்னொரு விசாரணையும் இன்னொரு கெடுவும் உண்டு. நிதி நெருக்கடி உள்ள ஆண்டில் கொள்கை அளவில் யாரும் எதிர்க்காத மசோதாகூட இங்கே நின்றுவிடும். இந்தக் குழுவில் துப்பாக்கியின் நன்மை தீமையைப் பேசுவதில் பயனில்லை. செலவையும், அதைக் குறைக்கும் வழியையும், கட்டணம் யார் தலையில் விழும் என்பதையும் பேச வேண்டும்.

குழுக்களைத் தாண்டினால் விதிகள் குழு. ரூல்ஸ் கமிட்டி என்று எல்லோரும் சொல்லும் இந்த இடம் பொதுமக்களின் கண்ணில் படாதது. அங்கே விசாரணை கிடையாது. அவைக்கு எந்த மசோதா செல்ல வேண்டும் என்று உறுப்பினர்கள் தேர்ந்து இழுப்பார்கள். பட்டியலில் பல மசோதாக்கள் காத்திருக்க, நேரமோ சில நாட்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் அந்தக் குழுவில் இருந்தால், "இந்த மசோதாவை இழுங்கள்" அல்லது "விட்டுவிடுங்கள்" என்ற ஒரே வரித் தொலைபேசிச் செய்திக்கு ஆண்டிலேயே மிக அதிக மதிப்பு இருக்கும் வாரம் அதுதான். 1-800-562-6000 என்ற சட்டமன்றத்தின் கட்டணமில்லா எண்ணில் சொன்னால் மூவருக்கும் செய்தி சேரும். மசோதாவின் பக்கத்திலேயே கருத்துப் பதிவுப் பொத்தானும் உண்டு. உங்கள் முகவரியைத் தவறாமல் கொடுங்கள், ஏனெனில் தன் தொகுதிக்காரரா என்பதையே அலுவலகம் முதலில் பார்க்கும். பிற தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு நூறு மின்னஞ்சல் அனுப்புவது, நல்ல நோக்கமே ஆனாலும், அவர்களின் ஊழியர்களுக்குச் சுமையாக மட்டுமே முடியும்.

அவையில் நிறைவேறிய மசோதா மறு அவையில் இதே பாதையை மீண்டும் கடக்கும். அங்கே மாற்றப்பட்டால், தோன்றிய அவை அந்த மாற்றத்தை ஏற்க வேண்டும். பிறகு ஆளுநர். அமர்வு நடக்கும்போது அவருக்கு ஞாயிறு நீங்கலாக ஐந்து நாட்கள். அமர்வின் கடைசி நாட்களில் வந்து சேர்ந்தால் இருபது நாட்கள். முழு மசோதாவையும் அன்றி ஒரு முழுப் பிரிவை மட்டும் மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஒரு பிரிவு மட்டும் உறுத்தினால் ஆளுநர் அலுவலகத்துக்கு எழுதுவதில் பொருளுண்டு. கையெழுத்தான சட்டம் பொதுவாக அமர்வு முடிந்து 90 நாட்களில் அமலாகும். அவசரக் கூறு சேர்க்கப்பட்டால் உடனே. 1240ஆம் மசோதாவில் அந்தக் கூறு இருந்ததால், ஆளுநர் ஜே இன்ஸ்லி 2023 ஏப்ரல் 25 அன்று கையெழுத்திட்ட கணமே விற்பனைத் தடை அமலானது. அவசரக் கூறு இருந்தால் கையெழுத்து திரட்டிச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கும் வழியும் அடைபடுகிறது. மசோதாவின் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. குடியுரிமை இல்லாதவர் வாக்களிக்க முடியாது. மக்கள் முன்னெடுப்பு மனுக்களில் கையெழுத்திடவும் முடியாது, அது பதிவு செய்த வாக்காளருக்கே உரியது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும், மாநிலத் தேர்தல் உட்பட, நன்கொடை கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. பச்சை அட்டை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. இந்த எல்லைகளை மீறாதீர்கள், விளைவுகள் குடியேற்ற நிலையையே பாதிக்கும். ஆனால் குழுவின் முன் சாட்சியம் சொல்ல, உறுப்பினருக்கு எழுத, தொகுதிக் கூட்டத்தில் கேள்வி கேட்கக் குடியுரிமை தேவையில்லை. அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் மக்களுக்கு வழங்குகிறது. ஊதியம் பெறாமல், செலவும் செய்யாமல் தன் கருத்தைச் சொல்லும் தனிநபர் செல்வாக்குத் தரகராக (லாபியிஸ்ட்) பதிவு செய்துகொள்ளவும் வேண்டியதில்லை. ஊதியம் பெற்று அந்த வேலையைச் செய்பவர்கள் பொது வெளிப்படுத்தல் ஆணையத்திடம் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். எந்த அமைப்பு யாரை அமர்த்தியிருக்கிறது என்பதை அங்கே நீங்களே தேடிப் பார்க்கலாம்.

சட்டமன்றத்தோடு கதை முடிவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை என்ற விதி 2014இலும், ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் ஆயுதத்தைப் பெறும் விதி 2016இலும், பூட்டி வைக்கும் கடமை உள்ளிட்ட தொகுப்பு 2018இலும் வந்தன. மூன்றையும் சட்டமன்றம் இயற்றவில்லை; வாக்காளர்கள் நேரடியாக இயற்றினர். முதலாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ 59 சதவீத ஆதரவு பெற்றன, இரண்டாவது ஏறத்தாழ 69. இதன் மறுமுனையில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. மேகசின் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024 ஏப்ரலில் கௌலிட்ஸ் கவுண்டி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அதே நாளில் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஆணையர் அதை நிறுத்தி வைத்தார். 2025 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தடையை உறுதி செய்தது. 2022இல் புரூயென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபுக்கு ஒத்ததா என்பதை அளவுகோலாக்கியதிலிருந்து, இத்தகைய எந்தச் சட்டமும் வழக்கைச் சந்திக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் பற்றி ஒன்று. தாக்குதல் வகைத் துப்பாக்கித் தடை 2016 ஜூலையில் முக்கில்டியோவில் மூன்று இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அப்போது மாநில அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக) இருந்த ஃபெர்குசனின் வேண்டுகோளில் 2017இல் மசோதாவாக வந்தது. நிறைவேறியது 2023இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அதை உயிரோடு வைத்தவர்களும், ஒவ்வோர் ஆண்டும் அதைத் தடுத்து நிறுத்தியவர்களும் அமர்வு இல்லாத மாதங்களில்தான் தங்கள் உறுப்பினர்களுடன் பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள். கோடைக்காலத்தில் உறுப்பினருக்கு நேரம் இருக்கும். ஒரு நூலகத்தில் பத்துப் பெற்றோர் அரை மணி நேரம் சந்திக்கக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்படிச் சந்தித்தவர் பிப்ரவரியில் தொலைபேசியில் பேசும்போது, அவர் பெயர் ஊழியருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். டிசம்பரில் முன்கூட்டித் தாக்கலாகும் மசோதாக்களின் பட்டியல் வெளிவரத் தொடங்கும். அதில் துப்பாக்கி தொடர்பானவற்றின் எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு உங்கள் மூன்று உறுப்பினர்களுக்கும் முதல் கடிதத்தை எழுதுங்கள்.